நெகட்டிவ் என்ற முடிவை யார் சந்தேகிப்பது?

ரத்த வங்கியின் சோதனைக்கூடத்தில் இரண்டு விதமான தவறுகள் நேரலாம். கிருமி இல்லாத ரத்தத்தில் கிருமி இருப்பதாகச் சொல்வது ஒன்று. கிருமி இருக்கும் ரத்தத்தைச் சுத்தமானது என்று சொல்வது மற்றொன்று. முதல் தவறு நெடுநாள் மறைந்திருக்காது. பாசிட்டிவ் என்று வந்ததுமே அந்தப் பையைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். கொடையாளரை அழைத்துப் பேசி, எச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, வேறு வகைச் சோதனைகளால் உறுதிசெய்துகொள்ளச் சொல்கிறார்கள். இப்படிப் பலர் கைபட்டு நகரும்போது தவறு எங்காவது வெளிப்பட்டுவிடும். இரண்டாவது தவறுக்கு இந்த வாய்ப்பே கிடையாது. நெகட்டிவ் என்று பதிவேட்டில் ஏறியதும் பையில் சீட்டு ஒட்டிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த முடிவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவர் கொடுத்த ரத்தம் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கப்படுவதால், தவறான ஒரு நெகட்டிவ் மூன்று பேர் உடலுக்குள் போகக்கூடும். ஹெபடைட்டிஸ் சி போன்ற ஒரு வைரஸ் அப்படித் தொற்றினால், கல்லீரல் கெட்டு அறிகுறி வெளியே தெரிய இருபது ஆண்டுகூட ஆகலாம். அந்த நோயாளியோ அவரைப் பார்க்கும் மருத்துவரோ அதற்குள் பழைய ரத்தப்பையை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

ரத்தப் பரிசோதனையின் தரத்தை உயர்த்துவது பற்றிய பேச்சு பெரும்பாலும் நல்ல கருவி வாங்குவதைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது. இந்த அத்தியாயம் வேறொன்றை வாதிடுகிறது. தானம் பெற்ற ரத்தத்தின் பாதுகாப்பு, நெகட்டிவ் என்ற முடிவை நாள்தோறும் சந்தேகிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் தன் தவறைத் தானே மறைத்துக்கொள்ளும்.

சட்டத்தின் பக்கம் பெரிய குறை இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் தான ரத்தத்துக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. 1996 ஜனவரியில் 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, உரிமம் இல்லாத ரத்த வங்கிகளுக்கும் காசுக்கு ரத்தம் விற்கும் வழக்கத்துக்கும் முடிவுகட்டியது. தேசிய ரத்த மாற்றக் கவுன்சில் அதன் விளைவாகவே பிறந்தது. இன்று ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்பட்டாக வேண்டும். ஆனால் சோதனை நடந்ததா என்று கேட்கும் சட்டம், அது சரியாக நடந்ததா என்று கேட்பதில் அதே கண்டிப்பைக் காட்டுவதில்லை. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட கேள்விக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ தந்த பதில் பலருக்கு நினைவிருக்கும். 2014 அக்டோபர் முதல் 2016 மார்ச் வரையிலான காலத்தில் 2,234 பேர் ரத்தம் ஏற்றிக்கொண்டதால் எச்.ஐ.வி. தொற்றியதாகத் தெரிவித்திருந்தனர். இது நோயாளிகள் வாய்மொழியாகச் சொன்னதுதான், ஆராய்ந்து உறுதிசெய்யப்பட்டதல்ல என்று அதிகாரிகள் விளக்கினார்கள். அந்த விளக்கம் நியாயமானதே. வேறு வழியில் தொற்றியதை ரத்தத்தின் மேல் போட்டுச் சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் 2,234இல் எத்தனை உண்மை என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு அந்த எண்ணைவிடக் கவலை தருகிறது. ஏற்றப்பட்ட பையிலிருந்து கொடையாளர் வரைக்கும் பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் வழி ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும்.

ரத்த வங்கிகள் தொற்றைக் கண்டறியப் பயன்படுத்தும் எலைசா சோதனை எப்படிச் சத்தமில்லாமல் பழுதாகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தர உறுதிப்பாட்டின் சாரம் அங்கேதான் இருக்கிறது. தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரஸின் புரதமோ அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோ பூசப்பட்டிருக்கும். கொடையாளரின் சீரத்தை அதில் விட்டு, 37 டிகிரி வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் வைத்து, கழுவி, நொதி கலந்த திரவம் சேர்த்து, மறுபடி கழுவி, கடைசியில் நிறமூட்டியை விடுகிறார்கள். தொற்று இருந்தால் நிறம் எழும். அந்த நிறத்தின் அடர்த்தியை ஒரு கருவி எண்ணாகத் தரும். குறிப்பிட்ட எல்லைக்கு மேலே போனால் பாசிட்டிவ், கீழே நின்றால் நெகட்டிவ். இனி, இந்தத் தட்டும் திரவங்களும் அடங்கிய சோதனைக் கிட் வந்த பெட்டி மின்வெட்டில் ஒரு பகல் முழுக்க வெளிச்சூட்டில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அல்லது இன்குபேட்டரின் வெப்பம் சில டிகிரி குறைந்துவிட்டது. அல்லது பிப்பெட் அளக்கவேண்டியதில் முக்கால் பங்கைத்தான் அளக்கிறது. இவற்றில் எது நடந்தாலும் சோதனை நின்றுவிடாது. எல்லா எண்களும் கொஞ்சம் கீழே இறங்கும், அவ்வளவே. கடுமையான தொற்றுள்ள மாதிரி அப்போதும் பாசிட்டிவாகவே வரும். எல்லைக்கோட்டை ஒட்டி நின்ற பலவீனமான மாதிரிதான் கோட்டுக்குக் கீழே நழுவும்.

கிட்டோடு கூடவே பாசிட்டிவ், நெகட்டிவ் ஒப்பு மாதிரிகள் வருகின்றனவே, அவை போதாதா என்று கேட்கலாம். போதாது, அதற்குக் காரணம் அந்த மாதிரிகளின் இயல்பிலேயே இருக்கிறது. உற்பத்தியாளர் தரும் பாசிட்டிவ் ஒப்பு மாதிரி பொதுவாக மிக அடர்த்தியானது. எல்லைக்கோடு 0.25 என்றும் ஒப்பு மாதிரியின் அளவு 2.0 என்றும் ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். சோதனையின் திறன் பாதியாகக் குறைந்தால் ஒப்பு மாதிரி 1.0 என்று காட்டும். அது இன்னும் பாசிட்டிவ்தான், ஆய்வக நுட்புநர் மனநிறைவோடு தட்டை ஏற்றுக்கொள்வார். அதே தட்டில் இருக்கும் ஒரு கொடையாளரின் உண்மை அளவு 0.4 என்றால் அது 0.2 ஆகி நெகட்டிவ் பட்டியலில் சேர்ந்துவிடும். ஒரு கிலோ படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்துவிட்டு அதிலேயே குன்றிமணித் தங்கத்தை நிறுப்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. ஆகவே கிட் உற்பத்தியாளரோடு தொடர்பில்லாத வெளியிடத்திலிருந்து, வேண்டுமென்றே எல்லைக்கோட்டுக்குச் சற்றே மேலே நிற்கும்படி நீர்க்கச் செய்த ஒரு பலவீன மாதிரியை ஒவ்வொரு தட்டிலும் வைக்க வேண்டும். சோதனை தளர்ந்தால் முதலில் தடுமாறுவது அதுதான்.

அந்த மாதிரி வெறுமனே பாசிட்டிவ் வந்ததா என்று பார்த்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அதன் எண்ணை நாள்தோறும் ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஸ்டான்லி லெவி, எல்மர் ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950இல் மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த முறை இது. நடுவே சராசரிக் கோடு, மேலும் கீழும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு திட்டவிலக்கக் கோடுகள். பின்னால் ஜேம்ஸ் வெஸ்ட்கார்டு அதற்கு விதிகள் வகுத்தார். புள்ளி ஒருநாள் மூன்று மடங்குக் கோட்டைத் தாண்டினால் அன்றைய தட்டைத் தூக்கிப் போட வேண்டும். அதைவிட முக்கியமானது, புள்ளிகள் எந்தக் கோட்டையும் தாண்டாமல், வாரக்கணக்கில் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருப்பது. கழுவும் கருவியின் ஊசி அடைபட ஆரம்பித்திருக்கிறது, புதிதாக வந்த கிட் தொகுதி பழையதைவிட வீரியம் குறைந்ததாக இருக்கிறது என்பதையெல்லாம் இந்தச் சரிவு முன்கூட்டியே சொல்லிவிடும். இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். நம் ரத்த வங்கிகளில் மிக மலிவாகச் செய்யக்கூடிய சீர்திருத்தம் இது என்பது என் உறுதியான எண்ணம்.

திறன் சில விழுக்காடு குறைவதால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். நாகோவின் நாடளாவிய மதிப்பீடு ஒன்றில் கொடையாளர்களிடையே ஹெபடைட்டிஸ் பி 0.87 விழுக்காடாக இருந்தது. ஒரு லட்சம் கொடைகளில் 870 பைகள். கிட்டின் துண்டுச்சீட்டு வாக்களிக்கும் திறன் 99.5 விழுக்காடு என்றால் நான்கைந்து பைகள் தப்பும். ஆய்வகத்தில் அது 95க்கு இறங்கினால் நாற்பதுக்கு மேல் தப்பும். துண்டுச்சீட்டு மாறவில்லை, கிட் மாறவில்லை, பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆபத்து மட்டும் பத்து மடங்கு.

உள்ளே வைக்கும் கண்காணிப்பு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்ட கண்காணிப்புதான். வெளியாரின் கண் வேண்டும் என்பதை 1947இல் வில்லியம் பெல்க், வில்லியம் சண்டர்மேன் இருவரும் நிரூபித்தார்கள். பென்சில்வேனியாவின் மருத்துவமனை ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரிகளை அனுப்பி, சர்க்கரை, கால்சியம், ஹீமோகுளோபின் போன்ற எளிய அளவுகளைக் கேட்டார்கள். ஒரே குப்பியிலிருந்து போன மாதிரிக்கு வந்த விடைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றன. வெளித்தர மதிப்பீடு என்று இன்று நாம் சொல்லும் முறை அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தது. உலக சுகாதார நிறுவனம் ரத்தப் பரிசோதனையின் அடிப்படைத் தர நடைமுறை என்று இரண்டைத்தான் கேட்கிறது: எழுதி வைத்த செயல்முறை, வெளித்தர மதிப்பீட்டில் பங்கேற்பு. உயர்வருமான நாடுகளில் ஏறக்குறைய எல்லாக் கொடைகளும் இந்த அளவுகோலுக்குள் வந்துவிடுகின்றன. மிகக் குறைந்த வருமான நாடுகளில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு அதற்கு வெளியே நிற்கிறது. ஆப்பிரிக்க ரத்த மையங்களுக்கு விடை தெரியாத மாதிரித் தொகுப்புகளை அனுப்பிப் பார்த்த பன்னாட்டு ஆய்வில், விரைவுச் சோதனை அட்டைகள் ஹெபடைட்டிஸ் பி, சி மாதிரிகளில் கணிசமான பங்கைத் தவறவிட்டது தெரிந்தது. அதற்கு முன்பு அந்த மையங்களின் பதிவேடுகளில் அதற்கான ஒரு சுவடும் இருந்திருக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. வெளித்தர மதிப்பீட்டு மாதிரி வந்தால் எல்லோருக்கும் தெரியும். அனுபவம் மிக்கவரே அதைச் செய்வார், இரண்டு தடவை செய்து பார்ப்பார், பக்கத்து ஆய்வகத்தை விசாரித்துவிட்டு விடை எழுதுகிறவரும் உண்டு. அப்படியானால் அது தேர்வுக்குப் படித்துவிட்டு எழுதும் விடைத்தாள். அன்றாட வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது. உண்மைதான். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு மதிப்பீட்டைக் கைவிட வேண்டும் என்பதாக இருக்க முடியாது. கொடையாளர் எண் ஒட்டிய சாதாரணக் குழாயில், மற்றக் குழாய்களோடு கலந்து, யாருக்கும் சொல்லாமல் மாதிரியை அனுப்ப வேண்டும் என்பதுதான் சரியான முடிவு. ஆண்டுக்கு இரண்டு முறை மேளதாளத்தோடு வரும் தொகுப்பைவிட, மாதம் ஒருமுறை அடையாளமின்றி வரும் ஒரே ஒரு பலவீன பாசிட்டிவ் அதிக உண்மையைச் சொல்லும்.

அடுத்த மறுப்பு தொழில்நுட்பத்தைச் சார்ந்தது, அடிக்கடி கேட்கப்படுவதும் அதுவே: வைரஸின் மரபுப்பொருளையே தேடிப் பிடிக்கும் நியூக்ளிக் அமிலச் சோதனையை, அதாவது நாட் சோதனையை எல்லா இடத்திலும் கட்டாயமாக்கிவிட்டால் பிரச்சினை தீராதா? நாட் சோதனையின் பலன் பெரிது. அதை மறுக்க எனக்கு எண்ணமில்லை. எச்.ஐ.வி. தொற்றியவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காண மூன்று வாரம் ஆகலாம். ஆன்டிஜனையும் சேர்த்துத் தேடும் எலைசா அதை இரண்டு வாரத்தை ஒட்டிக் குறைக்கிறது. நாட் ஒன்பது நாள் அளவுக்கும், தனித்தனி மாதிரியாகச் செய்தால் இன்னும் கீழேயும் கொண்டுவருகிறது. தொற்றியும் சோதனையில் தெரியாத இந்த இடைவெளிக்கு ஜன்னல் காலம் என்று பெயர்; ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில் இரண்டு மாத ஜன்னல் காலம் ஒரு வாரமாகச் சுருங்குகிறது. இந்தியாவின் 8 ரத்த வங்கிகளில் 12,224 மாதிரிகளைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வு, எலைசா நெகட்டிவ் என்று விட்ட எட்டு தொற்றுகளை நாட் கண்டுபிடித்ததைக் காட்டியது. 1,528 கொடைக்கு ஒன்று. பணக்கார நாடுகளில் இது பல லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதை நினைத்தால், நமக்கு நாட் அவர்களைவிட அதிகம் தேவை என்றுகூடச் சொல்லலாம்.

ஆனாலும் நாட் மற்றொரு சோதனைதான். அதற்கும் தவறான நெகட்டிவ் உண்டு. ஜப்பானின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கம் 1999இல் ஐந்நூறு மாதிரிகளை ஒன்றாகக் கலந்து நாட் செய்யத் தொடங்கி, பிறகு ஐம்பது, இருபது என்று குறைத்துக்கொண்டு வந்தது. 2013இல், இருபது கலந்த சோதனையில் தேறிவந்த ஒரு கொடையிலிருந்து நோயாளி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்தக் கொடையாளர் சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தபோது பாசிட்டிவ் என்று தெரிந்தது. உடனே அவருடைய முந்தைய கொடையைத் தேடிப்போனார்கள். ஒவ்வொரு கொடையின் மாதிரியையும் 11 ஆண்டு பாதுகாத்து வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. சேமித்த குழாயைத் தனியாகச் சோதித்தபோது வைரஸ் சிக்கியது. 2014இல் நாடு முழுவதும் தனிமாதிரி நாட் சோதனைக்கு மாறினார்கள். இதில் நாட் தோற்றது. பின்னோக்கிப் பார்க்கும் ஏற்பாடு வென்றது. ஜெர்மனியில் வைரஸின் மரபுவரிசை சிறிது மாறியிருந்ததால் நாட் கிட்டுகள் எச்.ஐ.வி.யைத் தவறவிட்டது தெரியவந்து, 2015 முதல் இரண்டு வெவ்வேறு மரபுப் பகுதிகளைத் தேடும் கிட் கட்டாயமாக்கப்பட்டது. மேலே சொன்ன இந்திய ஆய்விலேயே எலைசா பாசிட்டிவ் என்று சொன்ன பல மாதிரிகள் நாட் சோதனையில் நெகட்டிவாக வந்தன. அவற்றில் எலைசாவின் பொய்க்குரல் சில இருக்கலாம். வைரஸ் அளவு மிகக் குறைந்துபோனவையும் இருக்கலாம். எலைசாவை நிறுத்திவிட்டு நாட் சோதனையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு அதுவே காரணம்.

இதையெல்லாம்விட நாட் சோதனையால் தொடவே முடியாத தவறு ஒன்று உண்டு. 1993இல் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரில் யு.பி. பிளாஸ்மா என்ற நிறுவனம், தனித்தனியே சோதிக்க வேண்டிய மாதிரிகளைச் செலவைக் குறைப்பதற்காகக் கலந்து சோதித்தது வெளியானது. ஆவணங்களின்படி எல்லாம் சோதிக்கப்பட்ட ரத்தம். 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது தமிழ்நாடே அறியும். ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு, சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் ஏற்றப்பட்டது, அதில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்த இளைஞர் 2016இலேயே ஒருமுறை ரத்தம் கொடுத்து, அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில்தான் அவருக்கே தெரிந்தது, தெரிந்ததும் ரத்த வங்கிக்குத் தகவல் தந்தவரும் அவரே. ஈராண்டுப் பழைய தொற்று. ஜன்னல் காலம் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. சாதாரண எலைசா ஒழுங்காகச் செய்யப்பட்டு, ஒழுங்காகப் பதிவாகி, பழைய பதிவோடு ஒப்பிடப்பட்டிருந்தால் அந்தப் பை குளிர்பெட்டியை விட்டே வந்திருக்காது. தன் முந்தைய முடிவு தெரிந்திருந்தால் அந்த இளைஞர் கொடுக்கவே வந்திருக்க மாட்டார். மனம் உடைந்து தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்கும் போயிருக்க மாட்டாரோ என்ற எண்ணம் நெஞ்சை அறுக்கிறது. கொடையாளருக்கு அவருடைய முடிவைச் சொல்வதும், அவர் மருத்துவத் தொடர்பில் சேர்ந்தாரா என்று பார்ப்பதும் கருணைக்காக மட்டும் செய்யும் காரியமல்ல. அடுத்த பையின் பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது.

சாத்தூருக்குப் பிறகு ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. பொறுப்பற்றவரைத் தண்டிக்காமல் தரம் எப்படி வரும் என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறு கேள்வி தோன்றவே தோன்றாது. வேண்டுமென்றே சோதிக்காமல் சோதித்ததாக எழுதுகிறவரைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் குழாய் மாறிப்போனதை, எண் தவறி எழுதியதைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிறவரையும் அதே தடியால் அடித்தால், மறுநாள் முதல் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். பிரிட்டனில் 1996 முதல் இயங்கிவரும் 'ஷாட்' என்ற ரத்தமாற்றக் கண்காணிப்பு அமைப்பு, பெயர் வெளியிடாமல் தவறுகளைத் தெரிவிக்கச் சொல்கிறது. அங்கே சேரும் அறிக்கைகளில் ஐந்தில் நான்குக்கு மேல் மனிதத் தவறுகள் என்று அண்மை ஆண்டுகளில் தெரிகிறது. ஊழியர்கள் அஞ்சாமல் சொன்னதால்தான் அது தெரிய வந்தது. அதே பிரிட்டனில் எழுபது, எண்பதுகளில் தொற்றுள்ள ரத்தத்தாலும் ரத்தப் பொருள்களாலும் 30,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதை 2024இல் விசாரணை அறிக்கை விவரித்தது. உண்மையை மறைத்தது துன்பத்தை எவ்வளவு பெருக்கியது என்பதையும் அது விரிவாகச் சொன்னது. இந்தியாவிலும் 2012 டிசம்பரில் ரத்தமாற்றக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, நொய்டாவின் தேசிய உயிரியப் பொருள் நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. அதில் சேர்வது மருத்துவமனைகளின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கும்வரை, அக்கறை உள்ளவர்களின் தவறுகள் மட்டுமே அதில் பதிவாகும்.

கடைசியாக அளவைப் பற்றிய கேள்வி. இந்தியாவில் உரிமம் பெற்ற ரத்த வங்கிகள் ஏறக்குறைய நாலாயிரம். நாளுக்கு ஏழெட்டுப் பை சேரும் சிறு வங்கி, பாதித் தட்டுக்கு எலைசா ஓட்டி, பலவீன ஒப்பு மாதிரியும் வரைபடமும் வைத்துக்கொள்வது சிரமம். அதனாலேயே அட்டைச் சோதனைக்குப் போகிறார்கள். சோதனையை ஒரு சில பெரிய மையங்களுக்குக் குவித்தால் அவசரத்துக்கு ரத்தம் கிடைக்காமல் போகும் என்று அஞ்சுகிறார்கள். பயணம் செய்ய வேண்டியது ரத்தப்பை அல்ல, சிறு குழாய் மட்டும்தான் என்பதை நினைத்தால் அந்த அச்சம் பெரும்பாலும் தீரும். இங்கிலாந்து முழுவதும் சேரும் கொடைகள் ஃபில்டன், மான்செஸ்டர் ஆகிய இரண்டே இடங்களில் சோதிக்கப்படுகின்றன. இலங்கையில் குருதிச் சேகரிப்பும் சோதனையும் பெரும்பாலும் ஒரே தேசியச் சேவையின் பொறுப்பில் இருப்பதால் ஒரே தர நடைமுறையைக் கடைப்பிடிப்பது அவர்களுக்கு எளிதாகிறது. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு சோதனை மையம் என்று வைத்துக்கொண்டால்கூட மாலையில் கிளம்பும் குழாய்க்கு மறுநாள் காலைக்குள் முடிவு வந்துவிடும். மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் மட்டும் அவசரச் சோதனையை அங்கேயே வைத்துக்கொண்டு, குழாயைப் பின்னால் அனுப்பி உறுதிசெய்யலாம். இந்த மாற்றம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உரிமம் புதுப்பிக்க வரும் மருந்து ஆய்வாளர் அறையின் பரப்பையும் குளிர்பெட்டியின் எண்ணிக்கையையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். கூடவே, கடந்த ஓராண்டின் பலவீன ஒப்பு மாதிரி வரைபடங்களையும் வெளித்தர மதிப்பீட்டின் மதிப்பெண்களையும் கேட்டு, அவற்றை அரசின் இணையதளத்தில் ரத்த வங்கியின் பெயரோடு வெளியிட வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.